தேங்காய் எண்ணெய் விட்ட பூட்டு

ஜனவரி 7, செவ்.
விடியக் கடும் பனி. டயகமப் பக்கம் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகிவிட்டதாகப் பால்காரர் சொன்னார். காரில் சாவி நுழைகிறது, திரும்பவில்லை. ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொண்டு நிற்கிறது. இருபது நிமிடப் போராட்டம். பெருவிரலில் கொப்புளம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாந்தியைக் கண்டியில் இருதய டாக்டரிடம் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த தவணை சித்திரைக்குப் பிறகுதான். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர இங்கிருந்து பஸ் இல்லை.

கார்க் கம்பெனி ஏஜென்டுக்குப் போன் செய்தேன். லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டுமாம். பூட்டை முழுதாக மாற்ற வேண்டுமாம். பத்து நாள். எதைக் கேட்டாலும் "ஓகே சேர், ஓகே சேர்." பதினெட்டு வருடம் பௌதிகம் படிப்பித்தவனுக்கு ஒரு பூட்டைக் கழற்றத் தெரியாதா?

"ஏங்க, அண்ணன்கிட்ட வேனைக் கேப்போமா?" என்றாள் சாந்தி. கொப்புளத்தை ஊதிக்கொண்டே மறுபடி காருக்குப் போனேன்.

ஜன. 8, புத.
அவள் அண்ணன், தலவாக்கலையில் கடை வைத்திருக்கும் ராஜு. அவன் மகள் சடங்கன்று, பந்தியில், அத்தனை பேர் முன்னால்: "வாத்தியார் மச்சான் கார்ல வந்தாரா, காரைத் தள்ளிக்கிட்டு வந்தாரா?" ஊரே சிரித்தது. சாந்தியும்தான். மூன்று வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை.

பூட்டின் வாயெல்லாம் சந்தனம், குங்குமம். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவள் வைத்தது, காய்ந்து அடைத்திருக்கிறது. ஊசியால் சுரண்டினேன். தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி விட்டேன். நடுப்பகல், நல்ல வெயில். சாவி சொன்னபடி கேட்டது. கடைவீதிவரை ஒரு ஓட்டம். ஏஜென்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

ஜன. 9, வியா.
காலையில் அசையவில்லை. முன்னைவிட மோசம். குளிக்கப் போனால் தட்டில் எண்ணெய்ப் போத்தல், வெள்ளைக் கட்டியாக. தலைக்கு வைக்கவே அடுப்போரம் உருக்குகிற எண்ணெய். அதைப் போய்ப் பூட்டுக்குள் விட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு உறைநிலை நடத்துகிறவன் நான். சாந்தியிடம் சொல்லவில்லை.

ஜன. 10, வெள்.
மெக்கானிக் செல்வம் பாஸிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். பிடித்துவிட்டான்.

"தேங்கா எண்ணெயா? ஏன் சேர், காருக்குள்ள தோசை சுடுறீங்களா?"

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு: "நீங்க கழட்டாதீங்க. உள்ளுக்கு ஸ்டீயரிங்கைப் பூட்டுற ஆணி ஒண்ணு இருக்கு. ஓடிக்கிட்டு இருக்கயில அது விழுந்துச்சுன்னா வளைவுல திருப்ப ஏலாது. செவ்வாக்கிழம நானே வந்து பாக்குறேன்."

செவ்வாய்! அவனுக்கும் நான் அவசரமில்லாதவன்.

ஜன. 11, சனி
மதியம் எண்ணெய் இளகியது. சாவியைத் திருப்பி, பூட்டைக் கழற்றி, பெட்ரோலில் கழுவினேன். பேப்பரில் வரிசையாக: திருகாணி, பித்தளைத் தகடுகள், ஸ்பிரிங்குகள். மாட்டி முடித்தால் ஒரு ஸ்பிரிங் மிச்சம். மூன்று தரம் கழற்றி மாட்டினேன். மூன்று தரமும் மிச்சம்.

கார் ஸ்டார்ட் ஆகிறது. அது போதும்.

ஜன. 12, ஞாயி.
காலை ஆறு மணிக் குளிரிலும் சாவி திரும்பியது. சாந்தியை ஏற்றிக்கொண்டு அக்கரப்பத்தனை வரை. மூன்றாவது வளைவில் ஸ்டீயரிங்குக்குள் 'டக்'. ஒரு கணம் திரும்பவில்லை. பிறகு விட்டது. ஓரத்தில் கீழே வெறும் மூடுபனி.

"என்னங்க சத்தம்?"

"கல்லு."

"கல்லு வெளியிலதானே அடிக்கும்?" பிறகு, "அண்ணன் நேத்து போன் பண்ணுச்சு. வேன் சும்மாதான் நிக்குதாம். நீங்க பேச வேணாம், நான் பேசிக்கிறேன்."

அவனிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாயா என்று கத்தினேன். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும், வேன் வேண்டாம் என்று அவளையே போன் செய்து சொல்ல வைத்தேன்.

ஜன. 13, திங்.
காலை நாலே கால். மூடுபனி, முன் விளக்குப் போட்டும் வாசற்படி தெரியவில்லை. காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். முற்றத்தில் திருப்பும்போதே இரண்டு தடவை 'டக்'. இரண்டாவது தடவை சத்தமாக இருமினேன்.

சாந்தி கார் யன்னலருகே குனிந்தாள். "சத்தம் நின்னுருச்சாங்க?"

"நின்னுருச்சு."

"அப்ப சரி," என்றாள். கிளினிக் கார்டை என் மடியில் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டப் போயிருக்கிறாள்.