டயருக்கு மேல் விட்ட இடம்

சிங்கப்பூர்
12.8.1986

அன்புள்ள ராமாயிக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி குறைந்ததா? மாமாவுக்கு இருமல் நின்றதா?

கடையில் இப்போது, தூரத்தில் நின்றே ரேடியோவால் ஓட்டுகிற பொம்மை லாரிகளுக்குக் கெட்டி பிளாஸ்டிக் பாடியை வெட்டி, அரம் போட்டுப் பொருத்துகிறேன். நேற்று ஒன்றில் டயருக்கு மேலே அரை விரற்கடை கூடுதலாக வெட்டிவிட்டேன். முதலாளி கத்தினார்.

"பாரம் ஏத்துனா பாடி தாழ்ந்து டயருல இடிக்குமுங்களே" என்றேன். நாமக்கல் பட்டறையில் நிஜ லாரிக்குப் பாடி கட்டிய கை, ராமாயி. அது எங்கே மறக்கும்?

"பொம்மைக்கு ஏதுப்பா பாரம்?" என்று சிரித்தவர், அந்த லாரியை எனக்கே கொடுத்துவிட்டார்.

தபாலுக்கு நேரமாயிற்று. எருமை ஈன்றதா, கிணற்றில் தண்ணீர் எத்தனை படி நிற்கிறது, எல்லாம் விவரமாக எழுது. உன் கடிதங்களை அந்த லாரியில்தான் ஏற்றி வைக்கிறேன். இதுவரை மூன்றே மூன்றுதான். வண்டி கொஞ்சமும் தாழவில்லை.

செங்கோட்டையன்