என்னைப் பற்றி நீ எழுதாத கட்டுரை

கிள்ளான்,
புதன்கிழமை

அன்பு மகன் விமலனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி மூவரும் உடம்பளவில் சுகம். சபாவில், கோத்தா கினபாலுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனிடம் கேட்டுக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் எழுதுவது உன் தங்கச்சி லோகேஸ்வரி என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. இவ்வளவு நாளும் உனக்காக எழுதினாளே, இன்றைக்கு எனக்காக எழுதட்டும் என்று உட்கார வைத்திருக்கிறேன். நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், அவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள், ஒன்றையும் விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால் தபால்.

அப்பாவுக்கு முதுகுவலி குறையவில்லை, இருந்தும் லோரியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தீபாவளி நெருங்குவதால் எனக்கு ரவிக்கைத் துணி குவிந்து கிடக்கிறது, கூடத்தில் கால் வைக்க இடமில்லை. போன திங்கட்கிழமை அந்தக் குவியலுக்கு நடுவில்தான் உன் ஆங்கில விரிவுரையாளர் ஷபானா மேடத்தின் அழைப்பு வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து என்றதும் எனக்கு உயிரே இல்லை, உனக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். அவர் பினாங்குக்காரராம், நல்ல தமிழ். பயப்படாதீங்கம்மா, நல்ல விஷயந்தான், உங்க மகன் இயங்கலை வகுப்புல, அதான் ஆன்லைன் வகுப்புல, உங்களப் பத்தி எழுதுன கட்டுரையப் படிச்சிட்டு எனக்கு எங்க உம்மா ஞாபகம் வந்துடுச்சு என்றார். வகுப்பு முடிகிற நாளில் எல்லா மாணவர்களுக்கும் முன்னால் நீ அதைத் திரையில் படிக்க வேண்டுமாம், அம்மாவும் வீட்டிலிருந்தே வந்து முகம் காட்ட வேண்டுமாம். எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்றேன். கவலைப்படாதீர்கள் என்று அவரே கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

அதில் இருந்ததை உனக்கும் சொல்கிறேன், நீ படித்திருக்க மாட்டாய். மகன் தொலைபேசியில் அழைத்தால் அம்மா உடனே எடுப்பதில்லை. தையல் இயந்திரத்தை நிறுத்துவாள். மடியில் ஒட்டியிருக்கும் நூலைத் தட்டிவிடுவாள். கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டைச் சரி செய்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எடுப்பாள். அது குரல் மட்டும் போகிற அழைப்பு, அவள் முகம் மகனுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் அப்படித்தான் செய்வாள். மேடம் இதைச் சொல்லி முடித்ததும், ஆங்கிலத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கி, தமிழ்ப்பள்ளியில் படித்ததால்தான் இப்படி என்று ஒருமுறை என்னிடமே கத்திய பிள்ளை, எனக்காக ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருக்கிறானே என்று அழுதேன். அப்பாவிடம் சொன்னேன், அவர் காப்பிக் கடையில் என் மகன் இங்கிலீஷ்லயே அம்மாவ எழுதிட்டான் லா என்று எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். கீழ்வீட்டு உஷாராணி அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார், அவன் சபாவுல இருந்துகிட்டு உன் பொட்ட எப்படி லா பாக்குறான், சிசிடிவி வெச்சிருக்கானா? பெற்ற பிள்ளைக்குத் தாயைத் தெரியாதா என்று நான் உனக்காகப் பதில் சொன்னேன். அன்று சாயங்காலம் உன்னிடம் ஆசையாகக் கேட்டேனே, என்னைப் பற்றி என்னய்யா எழுதினாய் என்று. நல்லாதான் மா எழுதினேன், நீங்க கஷ்டப்பட்டு வளர்த்தீங்கன்னு, எல்லாரும் எழுதுற மாதிரிதான் என்றாய். கூச்சத்தில் மறைக்கிறாய் என்று அதையும் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் நீ அழைத்தாய். நான் இயந்திரத்தை நிறுத்தினேன், நூலைத் தட்டினேன், கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் லோகேஸ்வரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நீ அழைத்து நான் எடுக்காமல் விட்டது அன்றைக்குத்தான். நான் திரும்பியதுமே அவளாகவே அழ ஆரம்பித்தாள். அண்ணன்தான் மா கேட்டாரு, கேமராவ மூடிட்டு அவர் பேர்ல வகுப்புக்குள்ள போயிட்டா யாருக்கும் தெரியாதுன்னாரு, மைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு பதில மட்டும் டைப் பண்ணுனேன் என்றாள். நீதான் புத்தகப் புழுவாச்சே, உனக்கு இது ஜாலிதானே, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத லா என்றாயாம். அந்த நேரத்தில் நீ ஃபுட்சால் ஆடப் போவாயாம். வகுப்பு மட்டுமல்ல, வீட்டுப்பாடம், சோதனை, கடைசியில் இந்தக் கட்டுரை வரைக்கும் அவள்தான்.

தம்பி, செவ்வாய்க்கிழமைகளில் அவள் கணக்கு டியூஷனுக்குப் போகவில்லை, வீட்டில் படித்துக்கொள்கிறேன் என்றாள். நான் மைலோ கலக்கிக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன், சத்தம் வரக்கூடாது என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைத்தையல் போட்டேன். அவள் உன் பெயரில் உட்கார்ந்திருந்தாள். எஸ்பிஎம் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை கணக்கில் சரிந்துவிட்டாள் என்று ஆசிரியை சொன்னபோது, கதைப் புத்தகம் படித்தே கெட்டுப்போகிறாய் என்று அவளைத்தான் திட்டினேன். அவள் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் வாங்கிக்கொண்டாள். உனக்கு ஆங்கிலம் வரவில்லை என்பதற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. நீயே வகுப்புக்கு வந்து தப்புத் தப்பாகப் பேசியிருந்தால் அந்த வகுப்பில் இருக்கிற மற்றப் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள், பிறகு அவர்களும் தப்பாகப் பேசியிருப்பார்கள், அதற்குத்தானே வகுப்பு. நீ விளையாடப் போனதைக்கூட மறந்துவிடுவேன். மகன் என்னை இவ்வளவு பார்த்திருக்கிறான் என்று ஒருநாள் முழுக்க ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறாய். என்னைப் பார்த்தது இந்தப் பிள்ளை. அன்றைக்கே அவளைக் கட்டி முத்தமிட்டிருக்க வேண்டும், கோபத்தில் கையைத்தான் ஓங்கினேன். எனக்குக் கிடைக்க வேண்டியதையும் அவளுக்குக் கிடைக்க வேண்டியதையும் சேர்த்து நீ எடுத்துக்கொண்டாய். இந்த வரியை எழுத மாட்டேன், அண்ணன் பாவம் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன்.

இனி நடக்க வேண்டியதைக் கேள். அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் ஷபானா மேடம் என்னை மறுபடியும் அழைப்பார், திரைக்கு வருகிறேனா இல்லையா என்று கேட்க. நான் வரப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் அவரிடம் எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பெற்ற பிள்ளையை என் வாயால் காட்டிக்கொடுக்கவும் முடியாது. அந்த இடத்தில் என்னை நிறுத்தாதே. அதற்கு முன்னால் நீயே அவரிடம் போய்ச் சொல். மெசேஜில் வேண்டாம், முகத்தைக் காட்டிச் சொல். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் சொல், அவருக்குப் புரியும். பாடத்தில் தோற்க வைத்தால் தோற்றுக்கொள், அடுத்த பருவத்தில் மறுபடியும் எடு, இன்னும் சில மாதம் சேர்த்துத் தைக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. தங்கச்சி பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அப்பாவாக இருந்தால் சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அவளும் செய்த தப்புக்கு நிற்கத்தான் வேண்டும். ஆனால் நீ கேட்டுத்தான் அவள் செய்தாள் என்பதையும் சேர்த்துச் சொல். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. காப்பிக் கடையில் அவர் தலை குனிவதற்கு முன்னால் அவரிடமும் நீதான் பேச வேண்டும், அதற்கும் என்னை அனுப்பாதே.

நேற்றிலிருந்து உன் கடவுச்சொல் இவளிடம் இல்லை, என் முன்னாலேயே அழித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை டியூஷனுக்கு நானே கொண்டுபோய் விடுகிறேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நீ சாப்பிடாமல் கிடக்காதே, முறுக்கும் அதிரசமும் சுட்டு அனுப்புகிறேன், அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. மழையில் மோட்டாரை மெதுவாக ஓட்டு. அம்மன் உனக்கு நல்ல புத்தியையும் வாய் திறந்து சொல்கிற தைரியத்தையும் கொடுக்கட்டும். சனிக்கிழமையை மறக்காதே.

இதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதவா என்று லோகேஸ்வரி கேட்கிறாள். வேண்டாம் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். இனி இந்த வீட்டில் அவரவர் பெயரை அவரவரே எழுதுவோம்.

உன் அம்மா
சீதாலெட்சுமி