டல்லாஸிலிருந்து சனத்நகருக்கு முப்பது மணி நேரம்

குட்டியா,

நேற்று பீரோவைத் துடைக்கும்போது உன் கையெழுத்துத் தாள் மறுபடி கைக்கு வந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை மட்டும் பார்க்காமலே சொல்வேன்.

தாயில்லாத உன் ஒரே மகள் கவிதா, நாம் இருவரும் வளர்த்த பிள்ளை, கம்ப்யூட்டர் வேலைக்கு டல்லாஸ் போனபோது எழுதினாய். பதினாலாயிரம் கிலோமீட்டர், பறப்பது பத்தொன்பது மணி நேரம் என்று மேலே. பிறகு அவளைப் போனில் கேட்டுக் கேட்டு மற்றதையும் சேர்த்தாய். விமான நிலையத்து வரிசை, நடு ஊரில் விமானம் மாறக் காத்திருப்பது, இறங்கிப் பெட்டிகளை எடுப்பது, ஷம்ஷாபாத் விமான நிலையத்திலிருந்து சனத்நகரில் நம் வீடு. கூட்டினால் முப்பது.

"லேத் பட்டறையில நின்னு நின்னு பிள்ளையையும் அளக்கியால?" என்று சிரித்தேன்.

"தூரம் கிடக்கட்டும்க்கா. நம்ம வாசல்ல எப்ப வந்து நிப்பா, அதைச் சொல்லு" என்றாய்.

நீ போன அன்று காலை ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். "கிளம்பிட்டேன் அத்தை, அப்பாவை எடுத்துராதீங்க." சரி என்றேன். ஐஸ் பெட்டி வரவழைத்தேன்.

லோத்குண்டாவிலிருந்து வந்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பொழுது சாயுமுன்ன எடுத்துருவோம். பொம்பளப்பிள்ள வந்து என்ன செய்யப்போறா?"

"முகம் பார்ப்பா, சித்தப்பா."

மறுநாள் காலை யாரோ பறக்கும் நேரத்தைச் சொல்லிவிட, சித்தப்பா என்னிடம் வந்தார். "ஏளா, பறக்கது பத்தொன்பது மணி நேரந்தானாம். ராத்திரியே வந்திருக்கணும். இன்னும் எத்தனை நேரம் கிடத்தி வைக்க?" அவள் போனும் கிடைக்கவில்லை. உன் தாளை எடுத்துவந்து பெட்டி முன்னால் நின்று, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தேன்.

"பறக்கது அவ்வளவுதான். வந்து சேர முப்பது ஆகும். ஒரு மணி வரைக்கும் இவனை யாரும் தொடக்கூடாது."

ஒன்றேகாலுக்குக் கார் வந்தது. இறங்கியவள் அழவில்லை. ஐஸ் பெட்டிக் கண்ணாடி மேல் கையை வைத்து உன் முகத்தைப் பார்த்தாள். "போதும் அத்தை. பெட்டிய அமர்த்துங்க. அப்பாவுக்குக் குளிரும்" என்றாள். சித்தப்பாதான் எழுந்து போய் சுவிட்சை அணைத்தார்.

அன்று யாரிடமும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அதற்கு முந்தின வாரம் நீ என்னிடம் கேட்டுக்கொண்டாய். "எனக்கு ஒண்ணுன்னா அன்னைக்கே எடுத்து முடிச்சிரு, அக்கா. பிள்ளைய அவ்வளவு தூரம் அழ அழ வர வைக்காத." நானும் தலையாட்டினேன். உனக்குச் சொன்ன சொல்லை உடைத்துத்தான் அவளுக்குச் சொன்னதைக் காப்பாற்றினேன். தப்பு என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு நீயே எதிரில் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் கேட்கிறேன், தம்பி. அந்த முப்பது மணி நேரமும் அக்கா மேல் கோபமாகக் கிடந்தாயா, அல்லது நீயும் அவள் வரட்டும் என்றுதான் காத்திருந்தாயா?