கரடி எழுந்திருக்கும்வரை

அன்புள்ள தூரிட்,

நீயும் மகள் இங்வில்டும் நலந்தானே? என் முதுகுவலி குறைந்துவிட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை. எங்கள் சுற்றுலாக் கப்பல் பனிக்கட்டிக்குள் நிற்கிறது. எதிரே ஒரு வெண்கரடி குட்டியோடு கடல்நாயைத் தின்பதும் தூங்குவதுமாக இருக்கிறது. இயந்திரத்தைக் கிளப்பினால் மிரளும் என்று இரண்டு நாளாக நகரவில்லை.

"எழுப்பிவிட்டா என்ன?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்காரி தூங்குறாய்யா. உன் வீட்டுலயும் இப்படித்தான் எழுப்புவியா?" என்றார் கேப்டன் தோர்கெல்.

பயணிகளுக்குக் கொண்டாட்டம். கப்பலில் என் கடையில் கம்பளித் தொப்பிகள் தீர்ந்துவிட்டன. விற்க ஒன்றுமில்லாததால் நானும் ஜன்னலில் கரடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மகளின் திடப்படுத்தல் சடங்குக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். என் கோட்டின் வெள்ளிப் பொத்தான்களைத் துடைத்து வை. இணையம் போகப்போகிறது, முடிக்கிறேன். விருந்தில் இங்வில்டின் பக்கத்தில் என் நாற்காலியில் உன் தம்பியை உட்காரவிடாதே. நான் வராவிட்டாலும் அது காலியாகவே இருக்கட்டும்.

உன்,
ஹால்வார்ட்