அப்பாவின் மெழுகுத் துண்டு

மாரண்டஹள்ளி,
அக்டோபர் 19

அன்பு மகள் பிளசிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் எனக்கும் உன் தம்பி பிரவீனுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ அங்கே ஜெர்மனியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதுக்குக் குல்லா போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில் பேசினால் நீயும் அழுது நானும் அழுது சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம், மெதுவாகவே வந்து சேரட்டும்.

சாமந்தி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. அப்பா போன பிறகு பிரவீன்தான் தோட்டத்தைப் பார்க்கிறான், கொஞ்சம் சோம்பேறி, ஆனால் தண்ணீர் கட்ட மறப்பதில்லை. கல்லறைத் திருநாளுக்குப் பூ வெளியில் வாங்க வேண்டியதில்லை, அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அந்த நாளுக்குள் நான் செய்ய நினைத்திருந்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன மாதம் பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தது உனக்குத் தெரியும். ஆபரேஷனில் எடுத்த அப்பாவின் கிட்னியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து இன்னமும் வைத்திருக்கிறார்களாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா, இல்லை வந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது. கொடுத்தால் அதற்குள் இருப்பதையெல்லாம் படித்து எழுத்தாக்கி நீ வேலை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் அனுப்புவார்களாம். இதெல்லாம் தெரிந்தும் நீ வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றதற்கு, நான் கேட்டால் நீ எனக்காகச் சரி என்றுவிடுவாய் அம்மா, அதனால் கேட்க மாட்டேன் என்றாய். அப்பாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது. உன் சித்தப்பா சவுரியப்பன் ஒரே பிடியாக நின்றார். உயிர்ப்பு நாள்ல எங்கண்ணன் அரைகொறையா எழுந்திரிக்கறதா அண்ணி, வாங்கியாந்து அவருகூடவே வெச்சுரலாங்க என்றார். பிரவீனுக்கும் அதுதான் எண்ணம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் ஆசை, அவரை முழுசாக அனுப்பவில்லையே என்ற குறை அடக்கத்தன்றே எனக்கு இருந்தது.

அதனால் நானும் பிரவீனும் ஓசூர் போய் அங்கிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியைக் கொடுத்தார்கள், தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. உள்ளே வெள்ளை மெழுகு, நடுவில் நகத்தளவு பழுப்பு. அதுதான் உன் அப்பா. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஞானராஜ் என்று எங்கேயும் இல்லை, ஒரு எண்தான் இருந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவரை ஒரு எண்ணைச் சொல்லி என் கையில் கொடுத்தார்களே என்று வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். தரை துடைக்கிற ஒரு அம்மா, ஏன் அழுகிறீர்கள் என்பதை யாக்கம்மா அள்த்தீரா என்று கன்னடத்தில் கேட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது நீ லீவில் வந்து அப்பாவுக்குப் பாடம் நடத்தினது ஞாபகம் வந்தது. கட்டி தன் மேல் சின்னச் சின்ன அடையாளங்களைப் போட்டுக்கொண்டு திரிகிறது, உடம்பின் காவல் அணுக்கள் எந்த அடையாளத்தைக் கண்டால் எழுந்து அடிக்கும் என்று ஆயிரக்கணக்கான அடையாளங்களிலிருந்து கம்ப்யூட்டரை வைத்துத் தேடுகிறோம் என்றாய். நோய் வுழுந்த தக்காளி எலைய நான் வரப்புல நின்னே சொல்லுவேன், அதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு என்று சிரித்தார். அந்த மனுஷனுக்குத் தன் உடம்பில் விழுந்தது தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட்டைப் பார்த்து நீ சொன்னதும் நினைவுக்கு வந்தது. காவல் அணுக்கள் கட்டிக்குள் நிறையவே போயிருக்கின்றன அம்மா, ஆனால் இந்த நோயில் பல பேருக்கு அவை உள்ளே போய்க் களைத்து நின்றுவிடுகின்றன என்றாய். அப்பா படுத்திருந்தபோது நம் வீடும் அப்படித்தான் இருந்தது. வீடு நிறைய ஆள், எல்லோரும் டீ குடித்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஒருத்தராலும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு அழுகை போய்க் கோபம் வந்தது பிளசி. உள்ளே வரைக்கும் போனவர்களுக்கு எதிரி யாரென்று ஏன் தெரியாமல் போனது, இதை நான் யாரைக் கேட்பது. கல்லறையில் வைத்தால் என் மனசு ஆறும், ஆனால் மண் எனக்குப் பதில் சொல்லாது. எழுந்து போய், ஆராய்ச்சிக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று டப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிரவீன் ஓசூர் வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். சித்தப்பா அதிலிருந்து வீட்டுப் பக்கம் வரவில்லை, வருவார், எங்கே போய்விடுவார். பங்குச் சாமியாரைக் கேட்டதற்கு, அரைகுறையாக எழுப்புகிற ஆண்டவர் இல்லை ரோசம்மா என்றார். அப்படியும் மனசு கேட்கவில்லை. கையில் வந்தவரை நானே மறுபடி அனுப்பிவிட்டேனே என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

வருகிற எழுத்தில் யார் யார் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்களாம், பெயருக்குப் பதில் எண் மட்டும்தான் இருக்குமாம். அந்த டப்பியில் இருந்த எண் எனக்கு மனப்பாடம். உனக்குச் சொல்ல மாட்டேன், நீயும் கேட்காதே. சொன்னால் அதை மட்டும் திறந்து வைத்து அழுதுகொண்டிருப்பாய், மற்றவர்களும் யாரோ ஒருத்தி வீட்டு ஆள்தானே. உன்னால் அடக்கத்துக்கு வர முடியவில்லை, மண் போடுவதை போனில்தான் பார்த்தாய். அவரும் உன்னைப் பார்க்க என்று ஆசையாக பாஸ்போர்ட் எடுத்தார், ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடக்கிறது. அது இல்லாமலேயே இப்போது உன்னிடம் வருகிறார்.

ராத்திரி நெடுநேரம் கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன், மாதா உனக்குத் துணையிருக்கட்டும். கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி, மறந்துவிடாதே. இங்கே படுத்திருக்கிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன், அங்கே வருகிறவரை நீ பார்த்துக்கொள்.

உன் அம்மா,
ரோசம்மா