ஒரு செவ்வாய்க்கிழமைக் கடிதம்

அந்த ஒரு கடிதத்தை மட்டும் நீங்கள் ஏன் செவ்வாய்க்கிழமை எழுதினீர்கள்? சிசிலியின் பலெர்மோ நகரிலிருந்து உங்கள் மகள் துஷிக்குப் பதினொரு வருடமாக எழுதிய கடிதங்களில் அது ஒன்றுதான் இன்னும் விளங்காமல் இருக்கிறது. எனக்கு விடை தெரியாது. துஷிக்கும் தெரியாது. சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கண்மூடிப் பத்து மாதமாகிறது.

நேற்றுப் பின்னேரம் துஷி வந்துபோனாள். தோடம்பழம் உரித்துத் தின்றுவிட்டு, அந்த ஆரஞ்சுத் தோலைச் சமையலறை ஹீட்டரின் மேல் பரப்பிவிட்டுப் போயிருக்கிறாள். இன்று காலை நான் எழும்பி வந்தபோது வீடு முழுக்க அந்த மணம் நின்றது. கேத்திலைக் கூடப் போடாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். நாம் சேர்ந்து படித்த மாலை வகுப்பறை ஞாபகம் வந்தது. மூன்றாம் மாடி, சன்னலுக்குக் கீழே பழைய இரும்பு ஹீட்டர், அதன் மேல் இடைவேளையில் நீங்கள் வரிசையாக வைக்கும் தோல்கள். நெருப்புப் பிடிக்கும் என்று கல்லூரிக் காவலாளி வந்து சொன்னபோது, நீங்கள் திரும்பி என்னிடம் தமிழில் சொன்னீர்கள்:

"சிசிலி முழுக்க இப்பிடித்தான் வைக்கிறவை. இன்னும் எரிஞ்சு போகேல்லை."

"நான் தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்?"

"மூண்டு கிழமையாப் பாக்கிறன். என்னைக் கண்டவுடன முகத்தைத் திருப்புறீர். வேற ஆர் அப்பிடிச் செய்வினம்?"

அது உண்மை. எந்த ஊர், ஆரின்ரை ஆள், எப்ப வந்தனீர் என்ற கேள்விகளுக்குப் பயந்து, நான் லண்டனில் எத்தனையோ வருடம் நம் ஆட்களைக் கண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறேன்.

அது இரண்டாயிரத்து ஐந்தின் இலையுதிர்காலம். புதன்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு, அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்கள் எழுதிய இலக்கியம் பற்றிய வகுப்பு. கவுன்சிலில் வாடகை உதவி விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. பல்கலைக்கழகத்தில் படித்த இலக்கியம் முழுவதும் மறந்துபோகக்கூடாது என்று அந்த வகுப்பில் சேர்ந்தேன். நீங்கள் மருத்துவமனைச் சலவைப் பகுதியில் காலை ஷிப்ட் முடித்து, கையெல்லாம் சவர்க்கார மணத்தோடு வருவீர்கள். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"நோட்டீசில இத்தாலி எண்டு கிடந்துது. சமையல் வகுப்பாக்கும் எண்டு வந்தன்."

"பிறகு ஏன் நிண்டனீங்கள்?"

"காசு கட்டத் தேவையில்லை எண்டவை. ஹீட்டரும் நல்ல சூடு."

நாங்கள் படித்த நாவலில், நியூயோர்க்கில் ஒற்றை அறையில் வாழும் ஒரு குடும்பம் தொப்பிகளுக்குக் கடதாசிப் பூச் செய்கிறது. தாயும் நான்கு பிள்ளைகளும் சாப்பிடும் மேசையிலேயே பசை காய்ச்சுகிறார்கள். தகப்பன் நிலத்துக்கடியில் சுரங்கம் தோண்டுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஊரில் இருக்கும் தன் தாய்க்குக் கடிதம் எழுதுகிறான்: எல்லாரும் சுகம், கிழமைக்கு மூன்று நாள் இறைச்சி. அவன் ஏன் பொய் எழுதுகிறான் என்று எங்கள் ஆசிரியை ஹெலன் கேட்டார். வெட்கம் என்றார் ரொன், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தற்பெருமை என்றேன் நான். கஷ்டத்தை உருக்கமாக எழுதும் புத்தகங்களில் எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை.

நீங்கள் கை உயர்த்தாமலே பேசினீர்கள். உங்கள் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: உண்மையை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வாள்? அவளிடம் இருப்பது ஓர் ஆடு மட்டும்.

எல்லோரும் சிரித்தோம். ஹெலன் சிரிக்கவில்லை. அதை அப்படியே பலகையில் எழுதினார்.

பலெர்மோவில் ஒரு வயோதிபப் பெண்ணின் வீட்டில் தங்கி அவரைப் பராமரித்ததை அதன் பிறகுதான் எனக்குச் சொன்னீர்கள். இத்தாலியர் மரியாதைக்குச் சொல்வதுபோல அவரைச் சிஞோரா என்றே சொல்வீர்கள். அவருடைய தம்பி சிறுவயதில் நியூயோர்க்குக்குப் போனவர். அவர் அனுப்பிய கடிதங்கள் ஒரு பிஸ்கட் பெட்டியில் இருந்தன. சிஞோராவுக்குக் கண் தெரியாமல் போனபின், ஞாயிறுதோறும் நீங்கள் அவற்றை வாசித்துக் காட்டினீர்கள். இத்தாலிய எழுத்தை அப்படித்தான் படித்தீர்கள். சாகும்போது பெட்டியை உங்களுக்கே கொடுத்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாவலைக் கேட்டபின் சேர்த்துக்கொண்ட கதை என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை நீங்கள் பெட்டியையே கொண்டுவந்து என் மேசையில் வைத்தீர்கள்.

"யூனிவர்சிட்டிக்காரி, இந்தாரும். பாரும்."

முதல் ஏழு கடிதங்களும் வலப்பக்கம் சாய்ந்த, அழகான கையெழுத்து. எட்டாவது கடிதத்தில் எழுத்துகள் பெரிதாகி, நடுங்கி, இடப்பக்கம் சரிந்திருந்தன. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் அப்படித்தான். மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்திருந்தது.

"வலக்கை போயிட்டுது. இடக்கையால எழுதப் பழகியிருக்கிறார். ஒரு கடிதத்திலயும் அதைச் சொல்லேல்லை."

"வேற ஆரும் எழுதிக் குடுத்திருக்கலாம்."

"இருக்கலாம். அந்த எட்டாவதை வாசிக்கேக்க நான் நிப்பாட்டிப் போட்டன். 'வாசி, எனக்குத் தெரியும்' எண்டா சிஞோரா. கண் தெரிஞ்ச காலத்தில அவவும் தாயும் அந்தக் கடிதத்தைச் சேர்ந்திருந்து பாத்தவை. ரெண்டு பேருக்கும் விளங்கியிட்டுது. ஒருத்தரும் கதைக்கேல்லை. தாய் சாகும் வரைக்கும் கதைக்கேல்லை."

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். இலக்கியத்தில் பட்டம் பெற்றவள் நான். ஒரு தாளை எப்படி வாசிப்பது என்பதை அன்றுதான் கண்டேன்.

துஷியை நான் முதலில் சந்தித்தது லண்டன் மனோர் பார்க்கில், கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த உங்கள் வீட்டில். அவளுக்குப் பதினேழு வயது. நாட்டுச் சண்டையில் கணவரை இழந்தபின், மூன்று வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் தங்கையிடம் விட்டுவிட்டு நீங்கள் இத்தாலிக்குப் போனீர்கள். அவளுக்குப் பதினான்கு வயதாகும்போதுதான் உங்களுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்து, லண்டனுக்கு வந்து, அவளைக் கூப்பிட முடிந்தது. இதெல்லாம் நீங்கள் சொன்னது. அவள் சொன்னது வேறு. நீங்கள் தேத்தண்ணி ஊற்றப் போனபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அன்ரி, அம்மா அங்க ஒஃபிசில வேலை. ஃபானுக்குக் கீழ கதிரையில இருந்தவ. நான் ஊரில ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்தனான். கூப்பிட ஏலாமப் போச்சு எண்டு கதை விடுறா. நம்புறீங்களோ? எல்லாக் கடிதமும் என்னட்டக் கிடக்கு. ஒஃபிஸ், ஒஃபிஸ் எண்டுதான் எழுதியிருக்கிறா."

நீங்கள் தட்டோடு வாசலில் நின்றீர்கள். கேட்காத மாதிரி வந்து தேத்தண்ணியை வைத்தீர்கள். பஸ் தரிப்பிடம் வரை என்னோடு வந்தபோதுதான் வாய் திறந்தீர்கள்.

"பிள்ளை பயப்பிடும் எண்டுதான் ஒஃபிஸ் எண்டு எழுதினன். இஞ்ச வந்த பிறகு உண்மையைச் சொன்னன். 'இப்ப கதையை மாத்துறியள்' எண்டாள். நான் எழுதினதைக் காட்டியே என்னை மடக்கிறாள்."

பிறகு, நவம்பரில் ஒரு வகுப்பு. நாவலில் பணக்கார வீட்டில் வேலை செய்யும் ஒரு சித்தி வருகிறாள். கையில் கேக் பெட்டி, எப்போதும் வியாழக்கிழமை. ஏன் வியாழன் என்று ரொன் கேட்டார். ஹெலன் குறிப்பைப் புரட்டுவதற்குள் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்: வீட்டு வேலைக்காரிகளுக்கு வியாழன் மத்தியானம்தான் லீவு, பலெர்மோவிலும் அதேதான். சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தீர்கள். அன்று இடைவேளையில் நீங்கள் தோடம்பழம் உரிக்கவில்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தேன்.

பாடம் முடியும் நாளில் ஒவ்வொருவரும் படித்ததைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், வீட்டாரையும் அழைத்து வரலாம் என்றார் ஹெலன். துஷியின் முன்னால் உண்மையை வாசிக்கப்போவதாக நீங்கள் சொன்னபோது நான் தடுத்தேன்.

"பதினொரு வருசம் பொய் எழுதின ஆள் இப்ப மட்டும் உண்மை எழுதியிருக்கிறாவோ எண்டுதான் கேப்பாள். பிறத்தி ஆக்களுக்கு முன்னால வேண்டாம். இருக்கிறதும் போயிடும்."

"நீர் வக்கீலுக்குப் படிச்சிருக்க வேணும்."

நாவலின் கடதாசிப் பூக்களைப் பற்றிப் பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தந்தேன். நன்றி சொல்லி வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

துஷி அன்று வந்தது, எல்லோரும் தின்ன நீங்கள் பொரித்த ரோல்ஸ் தட்டைத் தூக்கி வரத்தான். அறுபது ரோல்ஸ், தனியே தூக்க ஏலாது என்று சொல்லி அவளைக் கூட்டி வந்தீர்கள். பின்வரிசையில், காதில் பாட்டோடு, கோட்டைக் கழற்றாமல் இருந்தாள். ரொன் தன் தகப்பனைப் பற்றி வாசித்தார். நான் ஒரு கட்டுரை வாசித்தேன். அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இப்போது நினைவில்லை. பிறகு நீங்கள் எழுந்து போனீர்கள். என் தாளை எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து முன்வரிசையிடம் கொடுத்து, வாசிக்க வேண்டாம், பாருங்கள் என்றீர்கள்.

அவை கை மாறிக்கொண்டிருக்க, நீங்கள் நின்றபடியே பேசினீர்கள்: இந்த மனிதர் எட்டாம் கடிதத்தில் கையை இழந்தார். அதை அவர் எழுதவில்லை. ஆனால் கடிதம் அதைச் சொல்கிறது. நானும் என் மகளுக்குக் கடிதம் எழுதினேன். ஒஃபிசில் வேலை என்று எழுதினேன். ஒஃபிஸ் இல்லை. நான் ஒரு கிழவியைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தேன். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு இடமில்லை. என் மகள் இதை நம்பமாட்டாள். என்னை நம்பத் தேவையில்லை. என் கடிதங்கள் அவளிடம் இருக்கின்றன. நான் எப்போதும் திகதி போடுவேன். அந்தத் திகதிகள் என்ன கிழமை என்று அவள் பார்க்கட்டும். எல்லாம் வியாழக்கிழமை. ஒஃபிசில் இருக்கிற ஆளுக்கு வியாழக்கிழமை லீவு இல்லை.

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டீர்கள். ரொன் அந்த எட்டாம் கடிதத்தை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தார். என் வயதில் நான் எத்தனையோ பேச்சுகள் கேட்டிருக்கிறேன். தன்னை நம்பச் சொல்லிக் கெஞ்சாமல், தனக்கு எதிராகக் கிடந்த சாட்சியையே திரும்ப வாசிக்கச் சொன்ன ஒருவரை அன்றுதான் கண்டேன். திரும்பிப் பார்த்தேன். துஷியின் காதில் பாட்டு இல்லை. எந்த நேரத்தில் கழற்றினாள் என்று நான் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வெறும் தட்டை அவள் மடியில் வைத்திருந்தாள்.

அடுத்த ஆண்டெல்லாம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள், நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அதற்கடுத்த மார்ச்சில், சலவைப் பகுதியில் ஷிப்ட் நடுவில் உங்கள் இருதயம் நின்றுவிட்டது. உங்களைப் பற்றி நான் எவரிடமும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கவுன்சிலில் ஒரு விண்ணப்பம் மேசைக்கு வரும்போது, எல்லாம் சரி என்று எழுதியிருந்தாலும், இப்போது எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறேன். என்ன திகதி, என்ன பேனை, எந்த இடத்தில் அழுத்தி எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன். பிறகு ஆளை நிமிர்ந்து பார்த்து, கதிரையைக் காட்டி, "இருங்கோ" என்கிறேன். முன்பு அப்படிச் சொல்லும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அந்தக் கடைசி வகுப்புக்கு மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி முடிக்கிறேன். அன்றும் வியாழக்கிழமைதான். அதில் ஒரு பொருளும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் துஷி என் அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளிப் பைக்குள் கடிதங்கள். இடம்பெயர்ந்ததில் தொலைந்தவை போக எண்பத்தாறு.

"அன்ரி, உங்கட கொம்பியூட்டரில பழைய கலண்டர் பாக்கலாமோ? நான் தனியப் பாத்தா ஏமாத்திப் போடுவன்."

அவள் திகதியை வாசித்தாள். நான் கிழமையைச் சொன்னேன். வியாழன். வியாழன். வியாழன். இருபதாவதைத் தாண்டும்போது அவள் குரல் இறங்கியது. ஐம்பதுக்குப் பிறகு நான் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டேன். ஒன்று மட்டும் செவ்வாய். அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். நீங்கள் திகதியைப் பிழையாகப் போட்டிருக்கலாம் என்றேன். அவள் கடிதத்தை என்னிடம் தந்தாள். அதிலும் நீங்கள் சுகம், அங்கே மழை, ஒஃபிசில் வேலை குறைவு.

அதன் பின் நடந்ததை நீங்கள் சொல்லித்தான் கேட்டேன். உங்களுக்கு அன்று பின்னேர ஷிப்டும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து வெளியே வந்தபோது அவள் மருத்துவமனை வாசல் கேற்றடியில் நின்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டாள். ஞாபகமில்லை என்றீர்கள். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டீர்களாம்.

"இல்லை."

கைப்பைக்குள் ஒரு தோடம்பழம் இருந்தது. பஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் நின்றபடியே உரித்துத் தின்றீர்கள். தோலைப் போட அங்கே குப்பைத்தொட்டி இல்லை. அவள் அதை உங்கள் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.