எந்தக் கிணற்றுத் தண்ணீர்

1918 அக்டோபர் 6, ஞாயிறு

கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் மணி இன்றும் தூக்கத்தைக் கெடுத்தது. அது போதாதென்று சாமுவேல் வேறு வந்தான். எங்கள் தோல் மண்டியில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன். "அடுத்த வாரம் எங்க கோயில்ல அறுப்புப் பண்டிகைங்க, ஐயா வரணும்." வருஷா வருஷம் கூப்பிடுகிறான். வருஷா வருஷம் 'பார்க்கலாம்' என்கிறேன்.

"மரியாதைக்குக் கூப்பிடறாங்க" என்றாள் என் மனைவி வள்ளி. காரியம் இல்லாமல் எவன் கூப்பிடுவான்?

அக்டோபர் 14

ஆம்பூர் முழுக்க விஷக்காய்ச்சல். குழியில் இறங்க ஆளில்லை. முதலாளி மண்டியை மூடிவிட்டார். தோலுக்கு எடை எழுதும் எனக்கும் வேலை இல்லை.

அக்டோபர் 17

வள்ளிக்குக் காய்ச்சல். குடியாத்தத்தில் இருக்கும் அவள் அண்ணனுக்குக் கடிதம் போட்டேன்.

அக்டோபர் 19

எனக்கும் வந்துவிட்டது. எழுந்து நின்றால் சுவர் சுற்றுகிறது. இரண்டு குடமும் காலி. எதிர்வீட்டுச் சீனிவாசனைக் கூப்பிட்டேன். ஜன்னலைத் திறக்காமலே, "எங்க வூட்லயும் ரெண்டு பேரு படுத்துக்கினு கீறாங்கப்பா" என்றான். பொய்யில்லைதான்.

மாலையில் சாமுவேல் மனைவி மரியம்மாள் வாசலுக்கு வெளியே நின்று, "தண்ணி இருக்குதுங்களா ஐயா?" என்றாள். இருக்கிறது என்றேன். அவர்கள் தொட்ட தண்ணீர் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை.

உள்ளே வள்ளி தண்ணி, தண்ணி என்று முனகுகிறாள். இருக்குதுன்னு எப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 20, ஞாயிறு

மரியம்மாள் மறுபடி வந்தாள். கோயிலில் ஆராதனையைச் சுருக்கி முடித்துவிட்டு, தெருவுக்கு இருவராகப் பிரிந்து கிளம்பியிருக்கிறார்கள். எங்கள் தெருக் கிணற்றை அவள் தொட முடியாது. அதனால் தள்ளி நின்று, இறைத்து ஊற்ற யாராவது வருவார்களா என்று காத்திருந்திருக்கிறாள். உச்சி வரை ஒருவரும் வரவில்லை.

"எங்க கெணத்துத் தண்ணி கொண்ணாந்து கீறேன். வேணாம்னா செடிக்கு ஊத்திட்டுப் போய்ட்றேன். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். வள்ளி தேடவில்லை. "உள்ள எடுத்துக்கினு வா மரியம்மா" என்றாள்.

குடித்தாள். நானும் குடித்தேன். தண்ணீராகத்தான் இருந்தது.

அக்டோபர் 22

கஞ்சி, விறகு, மறுபடி கஞ்சி. அவர்கள் தெருவிலேயே நேற்று இரண்டு சாவு. அடக்கம் முடிந்த கையோடு இங்கே வந்திருக்கிறாள்.

ஜெபம் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானே கேட்டேன்: "எங்களுக்கு ஞானஸ்நானம் எப்போ?"

"இன்னாங்க ஐயா, காய்ச்சல்ல பேஜார் பண்றீங்க. கஞ்சி ஆறிப்போவுது, குடிங்க." பாய்மார் தெருவில் பக்ருன்னிசாவுக்கு ஜாஸ்தியாக இருக்கிறதாம். அங்கே ஓடினாள்.

அக்டோபர் 30

வள்ளி எழுந்து உட்கார்ந்தாள். அண்ணனின் பதில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 8

சீனிவாசன் வந்தான். தெருவில் பேச்சாகிவிட்டதாம். நாளை கூட்டமாம். "மயக்கத்துல கெடந்தோம், யாரு குடுத்தாங்கன்னே தெரியலன்னு சொல்லிடு. சின்னதா ஒரு பரிகாரம் செஞ்சா சரியாப்பூடும்." அப்படிச் சொல்லாவிட்டால் தெருக் கிணறு எங்களுக்கு இல்லை.

நல்ல யோசனை. நம்புவார்கள். வள்ளியிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 9

கூட்டத்தில் 'மயக்கம்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் — "தெரிஞ்சுதான் குடிச்சோம். உங்கள்ல யாரு வந்து குடுத்தீங்க?" கத்தியே விட்டேன்.

ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும். எதுக்குச் சொன்னேன்? மடையன்.

வேதத்தில் சேரப் போகிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். கிணறு போயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

விடிந்ததும் வள்ளி குடத்தை எடுத்துக்கொண்டு வேதக்காரர்கள் கிணற்றுக்குப் போனாள். ஒரு மணி நேரமாகியும் காணோம். உடம்பு இன்னும் முழுக்கத் தேறாதவள். எங்கேயாவது விழுந்துவிட்டாளோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

வந்து குடத்தை இறக்கினாள். ஏன் இவ்வளவு நேரம் என்றேன்.

"என்னைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டு, நீங்க மொதல்ல எறைச்சுக்கோங்கம்மான்னாங்க. நாந்தான் மாட்டேன்ட்டேன். எனக்கு முன்னாடி ஒம்போது பேரு நின்னாங்க."